சருகழுங்கும் கூட்டாளிகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் சனிக்கிழமை ஓவிய வகுப்புக்கு வரும் பிள்ளைகளோடு சேர்ந்து நாங்கள் செய்த படப்புத்தகம் 'சருகழுங்கும் கூட்டாளிகளும்'. நம் நாட்டுக் காட்டு விலங்குகளை இரண்டிரண்டாகக் கலந்து பிள்ளைகள் படைத்த புது உயிர்கள் அதில் வருகின்றன. புத்தகம் கை மாறத் தொடங்கியதிலிருந்து கோயில் மண்டபத்திலும் ஒட்டுக்கடையிலும் பள்ளிக்கூட வாசலிலும் என்னை நிறுத்திக் கேட்கிறார்கள். பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அவரவர் கேட்ட மாதிரியே எழுதி, கீழே பதில் கொடுத்திருக்கிறேன்.

டீச்சர், இந்த மிருகமெல்லாம் நிஜமாவே இருக்கா?

முழு உடம்போடு எதுவும் இல்லை. ஆனால் உறுப்பு ஒவ்வொன்றும் நிஜம். சருகழுங்கு என்பது சருகுமானின் உடம்பில் அழுங்கின் செதில் போர்த்தது. அழுங்கைத்தான் எறும்புத்தின்னி என்றும் சொல்கிறோம், மலாயில் தெங்கிலிங். தாப்பாமையில் தாப்பிர் என்ற கறுப்பு வெள்ளைக் காட்டு விலங்கும் பேராக் ஆற்றில் வாழும் துந்தோங் ஆமையும் சேர்ந்திருக்கின்றன. தேவாந்தைக்குத் தேவாங்கின் கைகால், ஆந்தையின் முகம். பிந்துராட்சி பாதி பிந்துரோங் (மரத்தில் வாழும் புனுகுப்பூனை வகை), பாதி இருவாட்சிப் பறவை. கரடோணான் என்றால் சூரியக் கரடியின் விலாவில் பறக்கும் ஓணானின் இறக்கை.

புத்தகத்தைத் திறந்தால் இடப்பக்கம் பிள்ளைகளின் படைப்பு. வலப்பக்கம் அதற்கு உடம்பு கொடுத்த இரண்டு அசல் விலங்குகள்: எங்கே வாழும், என்ன தின்னும், எப்போது விழித்திருக்கும். இடப்பக்கத்தைப் பார்த்துச் சிரிக்கிற பிள்ளை, "இதுல எது எதோடது?" என்று வலப்பக்கத்துக்கு வந்துவிடும். நம் ஊர் எல்லையில் வாழும் உயிர்களை நம் பிள்ளைகள் பேர் சொல்லிக் கூப்பிடவேண்டும். அதற்காகத்தான் இந்தப் புத்தகம்.

எத்தனை வயசுப் பிள்ளைக்கு இது சரியா வரும்?

நான்கு வயதிலிருந்து மடியில் வைத்துப் படம் காட்டலாம். தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு தாண்டிய பிள்ளை இடப்பக்கத்தைத் தானே வாசித்துவிடும். வலப்பக்கத்துக்குக் கொஞ்சம் துணை வேண்டும். மொத்தம் 32 பக்கம்தான், ஒரே இரவில் முடிக்க வேண்டிய அவசியமும் இல்லை.

சிங்கமும் மயிலும் இல்லாம என்னம்மா மிருகப் புத்தகம்?

சிங்கம் இந்த நாட்டுக் காட்டில் இல்லை. பச்சை மயில் ஒரு காலத்தில் தீபகற்ப மலேசியாவில் இருந்தது, இப்போது அழிந்துவிட்டது. நம் பிள்ளைகளுக்குச் சிங்கம், மயில், மான் எல்லாம் அத்துப்படி. கதையிலும் கோலத்திலும் காலண்டரிலும் தினமும் பார்க்கிறார்கள். ஆனால் தாப்பிர் படத்தைக் காட்டினால், "பன்றியா டீச்சர்?" என்று கேட்ட பிள்ளைகள் உண்டு. கிழக்கே தித்திவங்சா மலைத்தொடர் வகுப்பறை ஜன்னலிலேயே தெரிகிறது. அங்கே வாழ்வதைத் தெரிந்துகொள்ளாமல் எங்கேயோ உள்ள சிங்கத்தை வரைந்துகொண்டிருக்க எனக்கு மனம் வரவில்லை.

நம் நாட்டு விலங்கு எது என்று பட்டியல் போடத் தொடங்கியபோது பிள்ளைகளுக்கு ஆச்சரியம் மேல் ஆச்சரியம். தினமும் பார்க்கிற காக்கை பட்டியலில் இல்லை. 1890களில் காப்பித் தோட்டங்களில் புழுக்களைத் தின்னட்டும் என்று இலங்கையிலிருந்து கிள்ளானுக்குக் கொண்டுவந்து விட்ட பறவை அது. நம் தாத்தா பாட்டி பால் வெட்டிய ரப்பர் மரமும் வெளியூர்தான். பிரேசிலிலிருந்து லண்டன் வழியாகச் சிங்கப்பூருக்கு வந்த கன்றுகளில் 9 கன்றுகளை 1877இல் பக்கத்துக் கோலக் கங்சாரில் நட்டார்கள். "அப்ப நாம?" என்று ஒரு பையன் கேட்டான். நாம் இங்கே பிறந்தவர்கள், இந்தக் காட்டை நம்முடையது என்று பார்த்துக்கொள்ளும் உரிமை நமக்கும் உண்டு என்று சொன்னேன்.

என் மகன் பரீட்சையில தாப்பிருக்கு ஓடு இருக்குன்னு எழுதிட்டா யாரு பொறுப்பு?

இந்தப் பயம் எனக்கும் முதலில் இருந்தது. நடந்தது வேறு. ஒன்றோடு ஒன்றைக் கலக்க வேண்டுமென்றால் இரண்டையும் தனித்தனியாகத் தெரிந்திருக்க வேண்டும். தாப்பாமையை வரைந்த பிள்ளையிடம், "தாப்பிருக்கு ஓடு உண்டா?" என்று கேட்டுப் பாருங்கள். உங்களைப் பரிதாபமாகப் பார்க்கும்.

தாப்பிரின் காலையே எடுத்துக்கொள்வோம். எல்லாரும் முதலில் நாய்ப் பாதம்தான் போட்டார்கள். பிறகு புகைப்படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். முன்காலில் நான்கு விரல், பின்காலில் மூன்று, ஒவ்வொன்றின் நுனியிலும் சின்னக் குளம்பு. குதிரைக்கும் காண்டாமிருகத்துக்கும் சொந்தக்கார விலங்கு அது, பன்றிக்கு அல்ல. குட்டிக்கு வேறு உடுப்பு. பழுப்பு உடம்பில் வெள்ளைக் கோடும் புள்ளியுமாக வரிப் பூசணி போல இருக்கும். சில மாதங்களில் அது மறைந்து, அம்மாவின் கறுப்பு வெள்ளை வரும். காலில் விரலை எண்ணி வரைந்த பிள்ளை இதை மறக்கவே மறக்காது.

பிள்ளைங்க இஷ்டத்துக்கு வரையட்டுமே, எல்லாத்துக்கும் ஏன் காரணம் கேக்குறீங்க?

வரையட்டும், தடையில்லை. ஆனால் புத்தகத்துக்குள் வரவேண்டுமென்றால் மூன்று கேள்விக்குப் பதில் வேண்டும்: என்ன தின்னும்? எங்கே தூங்கும்? எதற்குப் பயப்படும்? பதில் இல்லாத உறுப்பு வெறும் ஒட்டுவேலை. பதில் கிடைத்ததும் அந்த உருவத்துக்கு உயிர் வந்துவிடும்.

கரடோணான் இதற்கு நல்ல உதாரணம். பறக்கும் ஓணானைத் தென்னையிலும் தோட்டத்து மரங்களிலும் கவனித்துப் பார்த்தால் காணலாம். அதன் இறக்கை கையில் இல்லை. நீண்டு வளர்ந்த விலா எலும்புகளுக்கு மேல் தோல் விரிந்து விசிறியாகிறது, நான்கு காலும் தனியாகவே இருக்கும். அதனால் கரடிக்கும் இறக்கையை விலாவில் வைத்தோம். கை மிச்சமாகிவிட்டது, தேன்கூட்டைப் பிடித்துக்கொள்ளலாம்! சரி, பறக்குமா? ஓணான் சில கிராம் எடை. சூரியக் கரடி உலகத்துக் கரடிகளிலேயே சின்னது, அதுவே ஏறக்குறைய 25 முதல் 65 கிலோ. கணக்குப் போட்ட பிள்ளைகளே தீர்ப்புச் சொன்னார்கள். கரடோணான் பறக்காது, மெதுவாக விழும். கதையில் ஒவ்வொரு முறையும் ஒரு புதரில்தான் போய் இறங்குகிறது.

சருகழுங்கு கதை மட்டும் ஏன் இவ்வளவு கனமா இருக்கு? சின்னப் பிள்ளைக்கு இது தேவையா?

அதிகம் பேர் கேட்டது இதைத்தான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். சருகுமான், அதாவது கஞ்சில், ஏறக்குறைய இரண்டு கிலோ எடைதான். கொம்பு கிடையாது. மலாய்க் கதைகளில் புத்தியை வைத்தே முதலையையும் புலியையும் ஏமாற்றித் தப்பிக்கும். பரமேஸ்வராவின் வேட்டை நாயை ஒரு சருகுமான் உதைத்துத் தள்ளியது, அதைப் பார்த்துத்தான் அவர் மலாக்காவை அமைத்தார் என்பது நம் எல்லாருக்கும் பள்ளியில் சொன்ன கதை. மூன்றாம் ஆண்டு படிக்கும் ஒரு மாணவி, "புத்தி மட்டும் போதாது டீச்சர், ஒரு சட்டையும் வேணும்" என்று அழுங்கின் செதிலை எடுத்து அதற்கு மாட்டிவிட்டாள். முதுகிலிருந்து வால் வரைக்கும் ஒவ்வொரு செதிலாக, ஓடு வேய்வது போல ஒன்றன் மேல் ஒன்று ஏறும்படி வரைந்தாள்.

பிறகு அழுங்கைப் பற்றி வாசித்தோம். செதில் நம் நகத்தைப் போலவே கெரட்டினால் ஆனது. ஆபத்து வந்தால் அழுங்கு பந்தாகச் சுருண்டுகொள்ளும், புலியே பல் இறக்க முடியாமல் திணறும். ஆனால் மனிதன் முன்னால் அதுவே வினையாகிவிடுகிறது. ஓடாது, கடிக்கப் பல்லே கிடையாது, அப்படியே தூக்கிச் சாக்கில் போட்டுக்கொண்டு போய்விடலாம். செதிலுக்கும் இறைச்சிக்கும் கடத்திக் கடத்தியே நம் நாட்டு அழுங்கு இன்று அழிவின் விளிம்பில் நிற்கிறது. இதைக் கேட்டதும் அந்தப் பிள்ளை ஒன்றும் பேசாமல் அழிப்பானை எடுத்துச் செதிலை அழிக்கப் போனாள். பக்கத்தில் இருந்த பையன் கையைப் பிடித்துவிட்டான். "சட்டை இருக்கட்டும். மேல இலை போட்டு மறைச்சுக்கலாம்."

அப்படி வந்ததுதான் கடைசிப் படம். இரண்டு பக்கமும் காய்ந்த இலைகள், உற்றுத் தேடினால் ஒரு குளம்பு நுனி மட்டும் தெரியும். கடத்தல் என்ற வார்த்தை இடப்பக்கத்தில் வராது. வலப்பக்கத்தில் ஒரே வரியில் வருகிறது. அந்த வரியை எடுத்துவிடச் சொல்லிச் சில பெற்றோர் கேட்டார்கள். எடுக்க மாட்டேன். அந்த வகுப்பில் யாரும் பயந்துபோகவில்லை, எப்படிக் காப்பாற்றுவது என்றுதான் யோசித்தார்கள்.

பிந்துராட்சி மேல பாண்டான் வாசம் அடிக்குதுன்னு போட்டிருக்கே, சும்மா எழுதினதா?

இல்லை, அது உண்மை. நாம் நாசி லெமாக்கில் போடுகிற பாண்டான் இலைக்கும், பாஸ்மதி சோற்றுக்கும், பொரித்த சோளத்துக்கும் மணம் கொடுப்பது 2-அசிட்டைல்-1-பைரோலின் என்ற ஒரே வேதிப்பொருள். பிந்துரோங்கின் சிறுநீரிலும் அதுவே இருக்கிறது. நடக்கும்போது வாலிலும் காலிலும் பட்டு, போன வழியெல்லாம் மணக்கும். வகுப்புக்கு ஒரு பாண்டான் இலையைக் கசக்கி எடுத்துப் போனேன். அன்றைக்கு எல்லாரும் பிந்துரோங்கைத்தான் வரைந்தார்கள்.

இருவாட்சியை அதோடு சேர்த்ததற்கும் காரணம் உண்டு. இரண்டும் காட்டு அத்திப்பழத்தைத் தின்று விதையைத் தூரத்தில் போடுகின்றன. பிந்துரோங்குக்கு வாலே இன்னொரு கை, கிளையைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும். பெண் இருவாட்சி மரப்பொந்துக்குள் போய் வாசலை அடைத்துக்கொண்டு அடைகாக்கும், ஆண் பறவை ஒரு சின்ன இடுக்கு வழியாகத் தீனி கொடுக்கும். எங்கள் பிந்துராட்சி அம்மாவும் அப்படித்தான் பொந்துக்குள் இருக்கிறது, அப்பா வாசம் பிடித்துக்கொண்டே சரியான மரத்தைக் கண்டுபிடித்து வருகிறது. மலேசியாவில் இருவாட்சி 10 வகை. பத்தும் நம் பேராக்கிலேயே, வடக்கே பெலும்-தெமெங்கோர் காட்டில் இருக்கின்றன.

தேவாந்தை படத்தைப் பார்த்தா பாப்பா பயப்படுது, என்ன செய்யறது?

அந்தப் பக்கத்தைக் கடைசியாக, பகல் வேளையில் காட்டுங்கள். கண் ஏன் அவ்வளவு பெரிது என்று சொல்லிக்கொடுத்தால் பயம் பாதி போய்விடும். இருட்டில் பார்க்கத்தான். ஆந்தையால் விழியை உருட்ட முடியாது, அதனால் தலையையே திருப்புகிறது. ஆந்தை அலறினால் கெட்டது என்று நம் வீடுகளில் இன்னும் சொல்கிறார்கள். செம்பனைத் தோட்டங்களில் கம்பம் நட்டு, மேலே மரப்பெட்டி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது கூகைக்கு வீடு. பழத்தைக் கடிக்கும் எலிகளைப் பிடிக்கட்டும் என்று தோட்டமே வைத்துக் கொடுத்தது. இதைச் சொன்ன பிறகு சில பாட்டிமாரே ஆந்தையின் பக்கம் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

மிருகத்தோட உடம்பை இப்படிக் கலக்கறது சாமிக்குத்தம் ஆகாதா, கண்ணு?

பாட்டி, நம் கோயில் தூணிலேயே யாளி நிற்கிறதே! சிங்க முகம், யானைத் துதிக்கை. நரசிம்மரும் பிள்ளையாரும் நம் வீட்டுச் சாமிகள். இரண்டு உயிரை ஒன்றாக்கிப் பார்ப்பது தமிழனுக்குப் புதிதே இல்லை.

சிதம்பரத்து வியாக்ரபாத முனிவர் கதையை வகுப்பில் சொன்னேன். வண்டு தொடாத பூவைப் பூசைக்குப் பறிக்க வேண்டும், விடியுமுன் இருட்டில் மரம் ஏற வேண்டும். அதற்காகப் புலிக்கால் கேட்டு வாங்கினார். காலுக்கு ஒரு வேலை இருந்தது, அதனால் கேட்டார். நான் பிள்ளைகளிடம் கேட்கும் மூன்று கேள்வியும் அதே வழியில் வந்தவைதான். ஒன்றை மட்டும் முதலிலேயே முடிவு செய்துவிட்டோம். சாமி உருவங்களை எடுத்துக் கலக்க மாட்டோம், காட்டு விலங்கு மட்டும்தான்.

ஏஐ கிட்ட சொன்னா நொடியில வரைஞ்சு தருமே டீச்சர், ஏன் இவ்வளவு கஷ்டம்?

தரும். பிள்ளைகள் போட்டும் பார்த்தார்கள். பளபளவென்று ஒரு தாப்பிர் வந்தது, முன்காலில் ஐந்து விரலோடு. "தப்பு, தப்பு!" என்று வகுப்பே கத்தியது. மேலே சொன்னபடி எண்ணி வரைந்த பிள்ளைகள் என்பதால்தான் தப்பு அவர்கள் கண்ணில் பட்டது. எனக்குப் படம் மட்டும் வேண்டுமென்றால் கணினி போதும். அந்தக் கண் வேண்டும், அது பென்சில் பிடிக்காமல் வராது.

தோட்டத்துல தேவாங்கு கிடைச்சா வீட்டுல வெச்சு வளர்க்கலாமா?

கூடவே கூடாது. 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி தேவாங்கு முழுப் பாதுகாப்பு பெற்ற விலங்கு, வைத்திருப்பதே குற்றம். இன்னொன்று, அது விஷக்கடி உள்ள விலங்கு. கைமடிப்பில் உள்ள சுரப்பியை நக்கி, அந்தச் சாற்றை எச்சிலோடு சேர்த்துக் கடிக்கும். இணையத்தில் தேவாங்கு கையைத் தூக்கிக்கொண்டு 'கொஞ்சுகிற' காணொளியைப் பிள்ளைகள் காட்டுகிறார்கள். அது கொஞ்சல் இல்லை, பயத்தில் அந்தச் சுரப்பியை எடுக்கத்தான் கையைத் தூக்குகிறது. அடிபட்டுக் கிடந்தால் தொடாமல் பெர்ஹிலித்தானுக்கு, அதாவது வனவிலங்குத் துறைக்குச் சொல்லுங்கள். உயிரோடு பார்க்க ஆசையா, தைப்பிங் விலங்குத் தோட்டத்துக்குக் கூட்டிப் போங்கள். இரவுச் சுற்றும் அங்கே உண்டு, இராவிலங்குகளைப் பார்க்க அதுதான் நேரம்.

இதெல்லாம் ஒராங் அஸ்லி கதையில இருந்து எடுத்ததா?

இல்லை. ஒராங் அஸ்லி என்றால் இந்த மண்ணின் பூர்வகுடிகள். அவர்களில் ஒரு பிரிவினரான தெமியார் மக்கள் மலைப்பக்கம் நம் ஊருக்கு அருகிலேயே வாழ்கிறார்கள். இந்த விலங்குகளை நம்மைவிட நூறு மடங்கு தெரிந்தவர்கள். அவர்கள் கதைகள் அவர்களுடையவை. கேட்காமல் எடுத்து நம் பெயரில் அச்சடிப்பது சரியில்லை. அவர்களே சொல்ல முன்வந்தால், அவர்கள் பெயரோடு தனிப் புத்தகமாகத்தான் போடவேண்டும்.

ரெண்டு இனம் நிஜமாவே காட்டுல கலந்தா என்ன ஆகும்?

இதைக் கேட்டது ஆறாம் ஆண்டுப் பையன். கரடியும் ஓணானும் கலக்கவே முடியாது, அவ்வளவு தூரத்து உயிர்கள். நெருங்கிய இனங்கள் எப்போதாவது கலக்கும். சபாவின் கினபாத்தாங்கான் ஆற்றோரம் 2017இல் ஒரு விநோதக் குரங்கைப் படம் எடுத்தார்கள். நீளமூக்குக் குரங்குக்கும் வெள்ளி நிற இலைக் குரங்குக்கும் பிறந்ததாக இருக்க வேண்டும் என்று, படங்களை அளந்து பார்த்த ஆய்வாளர்கள் 2022இல் எழுதினார்கள். மரபணுச் சோதனை செய்யவில்லை, படத்தை வைத்துச் சொன்னதுதான்.

விநோதம் என்று வியந்துவிட்டுப் போக எனக்கு முடியவில்லை. ஆற்றின் இரண்டு கரையிலும் செம்பனை வந்து, காடு ஒரு நாடாவாகச் சுருங்கிவிட்டது. தனித்தனியாக வாழவேண்டிய இரண்டு கூட்டம் ஒரே மரத்தில் நெருக்கியடித்துத் தூங்குகிறது. அதனால்தான் கலப்பு நடந்திருக்கும் என்கிறார்கள். நாம் தாளில் கலப்பது பார்த்து ரசிக்க. காட்டில் நடப்பது இடமில்லாமல்.

செம்பனையாலதான் எங்க குடும்பம் சாப்பிடுது. அப்ப இந்தப் புத்தகம் எங்களையா குத்தம் சொல்லுது?

ஒரு அப்பா, வேலை முடிந்து வந்த உடையோடு கேட்டது. மேலே கினபாத்தாங்கான் பற்றிச் சொன்னதைப் படித்தால் வேறு சிலருக்கும் இதே கேள்வி வரும். இல்லை, உங்களைச் சொல்லவில்லை. 1917இல் கோல சிலாங்கூர் பக்கம் தென்னமரம் தோட்டத்தில் முதன்முதலாக வியாபாரத்துக்குச் செம்பனை நட்டதிலிருந்து இன்றுவரை, எந்தக் காட்டை எங்கே அழிப்பது என்று குலை வெட்டும் தொழிலாளியிடம் யாரும் கேட்டதில்லை. லயத்து வீட்டிலிருந்து நம்மைக் கிளம்பச் சொன்னபோதும் கேட்கவில்லை.

இருந்தாலும் காட்டுக்கு மிக அருகில் வேலை செய்வது நீங்கள்தான். தாப்பிர் ரோட்டைக் கடப்பதை முதலில் பார்ப்பவரும் நீங்கள்தான். வாகனம் மோதியே பல தாப்பிர்கள் சாகின்றன. இரவில் அதன் கறுப்பு வெள்ளை, வெளிச்சத்தில் சட்டென்று கண்ணுக்குப் பிடிபடாது. விடியற்காலை மோட்டாரில் போகும்போது காட்டோர வளைவில் வேகத்தைக் குறையுங்கள். எதைப் பார்த்தாலும் வீட்டுக்கு வந்து பிள்ளையிடம் சொல்லுங்கள்.

கேட்ட அந்த அப்பாவே, அன்று ஒட்டுக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, வாய்க்காலோரச் சேற்றில் தான் பார்த்த கால் தடத்தை என் நோட்டில் வரைந்து காட்டினார். முன்காலில் நான்கு, பின்காலில் மூன்று. மறுபதிப்பில் தாப்பாமையின் வலப்பக்கத்தில் அந்தப் படம் வரும், அவர் பெயரோடு.